அழிறப்பர் தேய்த்த இடம்

தரம் 7 பிள்ளைகளுக்கு இரண்டாம் தவணையில் ஒரு நாள் "நான்" என்ற தலைப்பில் முழு உருவச் சித்திரம் ஒன்றை வரையக் கொடுத்திருந்தேன். பாடவேளை முடிவதற்குச் சற்று முன்னர் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து வந்து, "டீச்சர், வேற தாள் தாறீங்களா?" என்று கேட்டாள். அவள் நீட்டிய தாளில் இரட்டைப் பின்னல், சட்டையின் கழுத்துப்பட்டி, வெள்ளைச் சப்பாத்து எல்லாமே ஒழுங்காக வந்திருந்தன. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஓர் ஓட்டை இருந்தது. அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்து, ஓட்டையைச் சுற்றிப் பென்சில் கரி சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. "அந்த இடம் சரியா வருகுதில்ல டீச்சர். நான் மொத்தம்தானே" என்றாள். (மொத்தம் என்றால் எங்கள் பேச்சில் பருமன்.) அந்த வகுப்பில் அவளைவிட மெலிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

எனக்கு வீடு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், பாடசாலை மேற்கே படுவான்கரையில். நாள்தோறும் பாதையில் வாவியைக் கடந்து போய் வருகிறேன். (வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு: பாதை என்று நாங்கள் இங்கே சொல்வது வீதியை அல்ல, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை.) அன்று திரும்பி வரும்போது என் மனதில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை தன் இடுப்பை எங்கே பார்த்தாள்? அவளுடைய வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். கதவு நிலையில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி ஒன்றுதான் அங்கே உண்டு. அதில் முகம் தெரியும், மிஞ்சிப் போனால் கழுத்து வரை தெரியும். கண்ணாடியில் ஒருபோதும் காணாத இடுப்பை "மொத்தம்" என்று அவளுக்குச் சொன்னது எது என்பதைத்தான் இந்தப் பதிவில் யோசித்துப் பார்க்கிறேன்.

உடற்பிம்பம் என்ற சொல்லை இப்போது உளவளத்துணைப் பயிற்சிகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தக் கருத்துக்கு விரிவான வடிவம் கொடுத்தவர் பவுல் ஷில்டர் என்ற ஒஸ்ரிய நாட்டு உளமருத்துவர். 1935 இல் வெளிவந்த தமது நூலில், நம் உடலைப் பற்றி நாமே மனதில் உருவாக்கிக்கொள்ளும் படம் என்று அதை அவர் விளக்கினார். அவருக்கு முன்பே நரம்பியல் மருத்துவர்கள், காலை இழந்தவருக்கு இல்லாத காலில் வலி எடுப்பது போன்ற விடயங்களைக் கொண்டு, மூளை உடலுக்கென ஒரு வரைபடத்தை வைத்திருக்கிறது என்பதை அறிந்திருந்தார்கள். ஷில்டர் அதோடு நிற்கவில்லை. அந்தப் படத்தை நரம்புகள் மட்டும் வரைவதில்லை, நம்மைச் சுற்றியிருப்பவர்களின் பார்வையும் நமது உணர்ச்சிகளும் சேர்ந்தே வரைகின்றன என்றும், ஒரு தடவை வரைந்து முடிந்ததாக அது இருப்பதில்லை, நாளுக்கு நாள் கலைந்து மீண்டும் கட்டப்படுகிறது என்றும் சொன்னார். ஒவ்வொரு தவணையும் ஒரே பிள்ளைகள் தங்களையே திரும்பத் திரும்ப வரைவதைப் பார்க்கும் எனக்கு இது புத்தகத்துச் செய்தியாகத் தோன்றவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் சித்திரத்தைக் கொண்டு அவர்களுடைய மனதைப் படித்துவிடலாம் என்ற நம்பிக்கை மிகப் பழையது. மனித உருவத்தை வரையச் சொல்லி அறிவு வளர்ச்சியை மதிப்பிடும் சோதனையை புளோரன்ஸ் குட்இனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1926 இலேயே வெளியிட்டார். பின்னர் வந்தவர்கள் அதே உருவத்தில் மனக்காயங்களையும் தேடத் தொடங்கினார்கள். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்துக்கு வந்த பயிற்சிப் பட்டறைகளில், கை வரையாத பிள்ளை அடிபட்ட பிள்ளை என்றும், பெரிய பல் வரைந்தால் கோபம் என்றும் சொல்லித் தந்தார்கள். கை வரையாத பிள்ளைகள் பெரும்பாலும் கை வரைவது கடினம் என்பதால்தான் வரைவதில்லை என்பது எந்தச் சித்திர ஆசிரியருக்கும் தெரியும். ஆகவே தாளில் விழுந்த ஓட்டையை வைத்து நான் எதையும் தீர்மானிக்கவில்லை. அவள் வாயால் சொன்ன வசனம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அந்த வசனத்தை நானும் ஒரு காலத்தில் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

நான் 1978 சூறாவளிக்கு அடுத்த ஆண்டு பிறந்தவள். 1990 இல் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பாடசாலைக் கட்டடத்தில் பல மாதங்கள் இருந்தோம். பருப்பும் மாவும் நிவாரணமாகக் கிடைக்கும் நாட்களில் வயிறு நிறையும், மற்ற நாட்களில் நிறையாது. தோள்பட்டை எலும்பில் தண்ணீர் ஊற்றினால் தேங்கி நிற்கும் என்று சொல்லுமளவுக்கு மெலிந்திருந்தேன். அந்தக் கட்டடத்தின் மூலையில், இரண்டு சேலைகளைக் கட்டி மறைத்த இடத்தில்தான் பெரிய பிள்ளையானேன். சடங்கு, பலகாரம், புகைப்படம் எதுவும் நடக்கவில்லை. என் பெரியம்மாவின் மகன் என்னை நாள் முழுவதும் "முன்பல்லி" என்று கூப்பிடுவான். பின்னேரமானால் அம்மம்மா படியில் குந்தியிருந்து என் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்ப்பார். எண்ணெய் இருந்தால் எண்ணெய் வைப்பார், இல்லாவிட்டால் வெறும் சீப்பால் வாரிக்கொண்டே, "என்ட அம்மாட தலமுடிதான் மனே உனக்கு" என்பார். அந்த மாதங்களில் பயம் இருந்தது, பசி இருந்தது. ஆனால் நான் வடிவில்லாதவள் என்ற எண்ணம் ஒரு நாளாவது வந்ததாக எனக்கு நினைவில்லை. முன்பல்லி என்ற பெயர் என்மேல் பட்டுக் கீழே விழுந்துவிடும்.

ஊர் திரும்பிய அடுத்த ஆண்டு அம்மம்மா காலமானார். அப்பாவின் கடை எரிந்து போயிருந்தது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார், அம்மா அதைவிடக் குறைத்துக்கொண்டார். யாரும் என்னை ஏசவில்லை, அடிக்கவுமில்லை. வீட்டில் எந்நேரமும் ஓர் அமைதி மட்டும் இருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்ததால் உடம்பு தேறியது, நான்கைந்து கிலோ ஏறியது. அப்போதுதான் எனக்கு என்னைப் பிடிக்காமல் போனது. நெற்றி அகலம் என்று முடியை இழுத்து விட்டேன், கை தடி என்று நீளக் கைச் சட்டை தேடினேன். கொழும்பிலிருந்து வந்த மாமா ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே ஒரே ஒரு தடவை, "பிள்ளைக்குப் பல்லுத்தான் ஒள்ளுப்பம் மிதப்பு" என்றார். அவர் அதை அன்றே மறந்திருப்பார். 2003 இல் நடந்த என் கலியாணத்தின் அல்பத்தைப் புரட்டினால், பல் தெரியச் சிரித்த படம் ஒன்றுகூட இல்லை.

அதே பல். முகாமில் நூறு தடவை கேலி செய்யப்பட்டபோது ஒட்டாமல் போனது, வீட்டில் ஒரு தடவை சொல்லப்பட்டபோது பத்து ஆண்டுகள் ஒட்டிக்கொண்டது. நான் அதிகம் யோசித்தது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான். பேச்சின் கொடுமையை அளந்து பார்த்தால் கணக்குச் சரிவராது. அந்தப் பேச்சு வந்து விழுந்த நேரத்தில் பிள்ளைக்குக் கீழே ஒரு மடி இருந்ததா இல்லையா என்று பார்த்தால்தான் கணக்குச் சரிவருகிறது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்ற பழமொழியைக் குருட்டுப் பாசத்தைக் கேலி செய்யத்தான் நாம் பயன்படுத்துகிறோம். குஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் பெரிய உண்மை இருக்கிறது. டொனால்ட் வின்னிகொட் என்ற பிரித்தானிய குழந்தை மருத்துவர் 1967 இல் எழுதிய கட்டுரையொன்றில், குழந்தை முதன்முதலில் பார்க்கும் கண்ணாடி தாயின் முகம்தான் என்றார். தாயின் முகத்தைப் பார்க்கும் குழந்தை அங்கே தன்னையே காண்கிறது, ஏனென்றால் தாய் எப்படித் தெரிகிறாள் என்பது அவள் அந்தக் குழந்தையில் எதைக் காண்கிறாள் என்பதோடு பிணைந்திருக்கிறது என்பது அவருடைய வாதம். தாயின் முகம் துயரத்தால் இறுகிப் போயிருந்தால் குழந்தை அங்கே தன்னைக் காண்பதில்லை, தாயின் மனநிலையை மட்டும் காண்கிறது. நாளடைவில் அந்த முகத்தை வானிலையைப் பார்ப்பது போலப் பார்க்கப் பழகிவிடுகிறது. நிலைக்கண்ணாடியில் தெரிவது தானே என்று பிள்ளைகள் அறிந்துகொள்வது ஏறத்தாழ ஒன்றரை வயதில்தான். அதற்கு எவ்வளவோ முன்பே முகங்களில் அவர்கள் தங்களைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள்.

மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1950 களில் உகண்டாவின் கம்பாலாவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் 26 குடும்பங்களின் குழந்தைகளைக் கவனித்தார். தாய் அருகில் இருக்கிறாள் என்ற உறுதி உள்ள குழந்தை அவளை விட்டுத் தவழ்ந்து போய் உலகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதைக் கண்டார். அந்த உறுதி இல்லாத குழந்தைகள் ஒட்டிக்கொண்டு அழுதன. தன் உடலையும் பிள்ளை இப்படித்தான் அறிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உறுதி இருந்தால் கை, கால், நிறம், பல் எல்லாம் அதற்கு விளையாட்டுச் சாமான். இல்லாவிட்டால் அவை ஒவ்வொன்றும் பிறர் குறை கண்டுபிடிக்கக்கூடிய இடம்.

மட்டக்களப்பின் தாய்வழிக் குடி முறை இந்த உறுதியை ஒருவரிடம் மட்டும் ஒப்படைத்து வைக்கவில்லை. இங்கே பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் ஒரே வளவில் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா என்று பல மடிகள் இருந்தன. ஒரு முகம் வாடியிருந்தால் பிள்ளை அடுத்த முகத்துக்கு ஓடும். இப்போதும் வளவுகள் இருக்கின்றன, வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளின் பெண்களில் ஒரு பகுதியினர் குவைத்திலும் சவூதியிலும் கட்டாரிலும் வேறொருவரின் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாய் வெளிநாடு போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் ஊரில் மிக எளிது. நுண்கடன் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது அந்தத் தீர்ப்பைச் சொன்ன யாரும் பணம் கட்ட வருவதில்லை. ஆகவே நான் அதைச் சொல்லவில்லை. ஒரு மடி எழுந்து போனால் இன்னொன்று அங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

என்னிடம் தாள் கேட்டு வந்த பிள்ளை அப்படியான வளவில்தான் வளர்கிறாள். தாய் வெளிநாட்டில், சின்னம்மா கொழும்புப் பக்கம் கார்மண்ட் ஆடைத் தொழிற்சாலையில். அம்மம்மாவுக்குச் சர்க்கரை நோய், பார்வை மங்கல். அன்று அவள் "நான் மொத்தம்தானே" என்றதும் நான் சட்டென்று சொன்ன பதில், "இல்ல மகள், நீ வடிவான பிள்ளைதானே" என்பது. அவள் எதுவும் சொல்லாமல் புதுத் தாளை வாங்கிக்கொண்டு போனாள். நான் சொன்னது பிழை என்று அப்போதே உணர்ந்தேன், ஏன் பிழை என்பது பிறகுதான் விளங்கியது. வடிவா இல்லையா என்ற கேள்விக்குத்தான் நான் மறுமொழி சொன்னேனே தவிர, அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. வடிவு என்பது ஒருவர் கொடுக்கும் சான்றிதழ் என்பதையும், நாளைக்கு இன்னொருவர் அதைப் பறிக்கலாம் என்பதையும் என் பதில் உறுதிப்படுத்தியது.

இரண்டு நாள் கழித்து, இடைவேளையில் வர்ணக் கிண்ணங்களைக் கழுவ அவளைக் கூப்பிட்டு, குழாயடியில் நின்றுகொண்டு, "இந்தக் கிழமை வீட்ட என்ன புதினம்?" என்று மட்டும் கேட்டேன். அம்மா பதினொரு நாளாகக் கோல் எடுக்கவில்லை என்றாள். கடைசியாக வீடியோவில் கதைத்தபோது அம்மா சிரித்துக்கொண்டு, "என்ன மகள், மொத்தமாயிட்டாய்!" என்றாராம். அதற்குப் பிறகு கோல் இல்லை.

அந்தத் தாய் சொன்னதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும், இந்தக் கரையில் பிறந்த எவருக்கும் தெரியும். பிள்ளையின் முகம் கொஞ்சம் உருண்டிருந்தால், அனுப்புகிற காசு வயிற்றுக்குத்தான் போகிறது, அம்மம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்ற நிம்மதிதான் "மொத்தமாயிட்டாய்" என்ற சொல்லாக வெளிவரும். "என்ன மெலிஞ்சு போயிட்டாய்" என்பது எங்களிடம் நலம் விசாரிக்கும் முறை. கடிதத்துக்கு "நலம், நலமறிய ஆவல்" எப்படியோ நேருக்கு நேர் இது அப்படி. கைபேசித் திரையில் முகமும் தோளும்தான் தெரிந்திருக்கும், இடுப்பு தெரிந்திருக்கவே முடியாது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு வந்த பதினொரு நாள் மௌனத்தைப் பிள்ளை அந்தச் சொல்லோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். நான் மொத்தமாகிவிட்டேன், அதனால் அம்மா கூப்பிடவில்லை. பெரியவர்களுக்கு இது அபத்தம். பன்னிரண்டு வயதில் மௌனத்துக்குக் காரணம் தேடும்போது கைக்கு மிக அருகில் கிடைப்பது சொந்த உடம்புதான். (தாயின் கைபேசி விழுந்து உடைந்திருந்தது என்று பின்னர் தெரிய வந்தது.)

ஆன் பெக்கர் என்ற மருத்துவ மானிடவியலாளர் பீஜித் தீவுகளில் செய்த ஆய்வை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே நட்ரோகா என்ற பகுதிக்கு 1995 இல் தொலைக்காட்சி வந்தது. அவர் அந்த ஆண்டிலும் 1998 இலும் பாடசாலை மாணவிகளைக் கேட்டறிந்தபோது, உடல் எடையைக் குறைப்பதற்காகத் தாமே வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல் தடவை ஒருவரும் இல்லை, இரண்டாம் தடவை 11.3 வீதம். தொலைக்காட்சி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பதற்குச் சான்றாகவே இது எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அதற்கு முன்பே எழுதியிருந்த மற்றொரு விடயம். பீஜியின் கிராமங்களில் ஒருவரின் உடம்பு அவருக்கு மட்டும் உரியதல்ல, அவரைப் பராமரிப்பவர்களின் அக்கறையைக் காட்டும் சாட்சி. மெலிந்துவிட்டாய் என்ற பேச்சு மெலிந்தவரைவிட அவரைக் கவனிக்காத வீட்டாரைத்தான் குறிக்கும். எங்களுடைய பேச்சும் அதே வகையைச் சேர்ந்ததுதான். அந்தப் பொருளைத் தாங்கி நின்ற வளவும் மடிகளும் குறைந்துவிட்டன, சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. இடையில் திரையிலிருந்து வேறொரு பொருள் வந்து அதே சொல்லில் குடியேறிவிட்டது. தாய் பழைய பொருளில் சொன்னார், மகள் புதிய பொருளில் கேட்டாள்.

பாதுகாப்புணர்வு வேறு, மனநிலை வேறு. நவகிரிக் குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தால் சில வாரங்கள் மழை பொய்த்தாலும் வயல் தாங்கும். குளம் வற்றியிருந்தால் ஒரு கிழமை வெயிலுக்கே பயிர் வாடும். பாதுகாப்புணர்வு அந்தக் குளம் போன்றது, பிள்ளையின் அன்றாட மனநிலை அந்த வெயிலும் மழையும் போன்றது. மனநிலையைச் சிறிது நேரம் தாழ்த்திவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் தம் உடலைத் தாமே மதிப்பிடச் சொன்ன ஆய்வுகள் 1990 களிலிருந்து நடந்திருக்கின்றன. அரை மணி நேரத்தில் யாருடைய உடலும் மாறப் போவதில்லை, ஆனாலும் மனம் தாழ்ந்த பிறகு உடலின்மீதான அதிருப்தி கூடியது. உடலைப் பற்றி ஏற்கெனவே கவலை கொண்டிருந்தவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பதின்ம வயதினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும், பெற்றோரின் ஆதரவு குறைவும் நீடித்த மனச்சோர்வும் முதலில் இருந்தன, உடல்மீதான வெறுப்பு பிறகு வளர்ந்தது. உடம்பு பிடிக்காததால் பிள்ளை சோர்ந்து போகிறாள் என்றே நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் சோர்ந்து போனதால்தான் உடம்பு பிடிக்காமல் போகிறது.

வகுப்பறையில் இதைக் காண்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. திங்கட்கிழமைக் காலையில் வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகளின் வயிற்றில் பெரும்பாலும் நோய் இருப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்தது இருக்கும். பிள்ளைகளுக்குத் துயரத்தைச் சொல்ல நாம் சொற்கள் கொடுக்கவில்லை. "கவலையா இருக்கு" என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை சொன்னால், "உனக்கென்ன கவலை?" என்று சிரிக்கிறோம். ஆனால் மொத்தம், மெலிவு, கறுப்பு, கட்டை, பல்லி, நெடுவல் என்ற சொற்களை நடக்கப் பழகும் முன்பே காதில் போட்டு வைத்திருக்கிறோம். துயரம் வெளியே வர வழி தேடும்போது தயாராக இருக்கும் அந்தச் சொற்களில் ஒன்றை உடுத்திக்கொண்டு வருகிறது. "நான் மொத்தம்" என்பது பல நேரங்களில் எடையைப் பற்றிய கூற்றே அல்ல.

கைபேசியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, எல்லோரும் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2021 இல் பேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்செஸ் ஹௌகன் வெளிக்கொணர்ந்த அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களில், தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணரும் வேளைகளில் இன்ஸ்டகிராம் அந்த உணர்வை மேலும் மோசமாக்கியது என்று பதின்ம வயதுப் பெண்களில் 32 வீதமானோர் சொன்னதாக இருந்தது. "மோசமாக உணரும் வேளைகளில்" என்ற அந்தப் பகுதியைச் செய்திகள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிட்டன. மனம் நன்றாக இருக்கும் நாளில் பிள்ளை டிக்டொக்கைப் பார்த்து ஆடுகிறாள், நன்றாக இல்லாத நாளில் அதே காணொளியில் தன் கன்னத்தை அளக்கிறாள்.

அதைவிடச் சாமத்தியச் சடங்கைப் பற்றி எனக்கு மனக்குறை அதிகம். சடங்கு வேண்டாம் என்பவள் அல்ல நான். எனக்கு நடக்காமல் போனது என்பதால் பிறருக்கு நடப்பதை ஆசையோடு பார்ப்பவள். மாமிமார் தண்ணீர் வார்ப்பதும், ஊரே வந்து பிள்ளையை வாழ்த்துவதும் அவளுடைய உடம்புக்கு நாம் செய்யும் மரியாதை. ஆனால் இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு ஒப்பனை செய்பவர் வருகிறார், ஆறு மணிக்குப் பிள்ளையின் முகம் ஒரு நிறமாகவும் கை இன்னொரு நிறமாகவும் ஆகிவிடுகிறது. மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு வைக்கும் படத்தில் கையின் நிறத்தையும் கணினியில் சரிசெய்துவிடுகிறார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தன் அல்பத்தைக் கொண்டுவந்து காட்டி, "இதில நான்தான் டீச்சர்" என்று விரலை வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. "Fair" என்ற ஆங்கிலச் சொல்லை நீக்கி 2020 இல் வெண்மைக் களிம்பொன்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு இங்கே வெண்மை என்று பொருள். எங்கள் மண்டபங்களில் எதுவும் மாறவில்லை.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கிறது. உயரமும் நிறையும் அளப்பது மிக அவசியம், அதை நான் குறை சொல்லவில்லை. நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில் ஒருவர் நிறையை உரத்து வாசிக்க, மற்றொருவர் எழுதிக்கொண்டு போனார். வரிசையில் நின்ற முப்பது பிள்ளைகளும் ஒவ்வொரு எண்ணையும் கேட்டார்கள். அன்று பின்னேரமே ஒரு பையனுக்கு அந்த எண் பட்டப்பெயராகிவிட்டது. இப்போது அளவை நாளில் நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று, எண்ணைப் பார்த்து நானே எழுதுகிறேன்.

பையன்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அவர்கள் தாளைக் கிழிப்பதில்லை, வேறு விதமாகச் செய்கிறார்கள். தரம் 10 இல் ஒருவன் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் முழுவதும் பெனியன் போடாமலிருக்கக் காரணங்கள் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தான். நோஞ்சான் என்பது அவனுடைய பட்டம், தகப்பன் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார். அவனை மாற்றியது அறிவுரை அல்ல. ஊரில் வடமோடி வகைக் கூத்தொன்றுக்குச் சட்டம் கொடுத்தபோது, அதாவது ஆடுபவர்களுக்குப் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தபோது, ஆள் குறைவென்று அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அவனிடம் உன் உடம்பு நல்ல உடம்பு என்று ஒரு நாளும் சொல்லவில்லை. "வலக்கால் பிந்துது தம்பி, மத்தளத்தைக் கேள்" என்றுதான் மாதக்கணக்கில் சொன்னார். சதங்கை அணியும் நாள் வந்தபோது அவன் காலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்: எந்த அடியில் பிந்துகிறது, எந்த அடியில் பிடிக்கிறது என்று. உடம்பு பார்க்கப்படும் பொருளாக இருந்த இடத்திலிருந்து செய்கிற பொருளாக நகர்ந்திருந்தது. அதோடு, ஒவ்வோர் இரவும் அவன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூத்துக் களரியில் இருபது பேர் இருந்தார்கள். இந்த இரண்டில் எது அவனுக்கு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. 1996 இல் மட்டக்களப்பு நகரில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவிலும், யுத்தத்தில் காயப்பட்ட பிள்ளைகளின் கையில் களிமண்ணையும் வர்ணத்தையும் கொடுத்து, பெரியவர்கள் அவசரப்படாமல் பக்கத்தில் இருந்தார்கள். அங்கேயும் கைக்கு வேலையும் பக்கத்தில் ஆளும் சேர்ந்தே இருந்தன.

என் வகுப்பில் நான் இப்போது செய்வது மிகச் சிறியது. "வடிவா இருக்கிறாய்" என்பதையும் "மெலிஞ்சிட்டாய்" என்பதையும் இரண்டையுமே நிறுத்திவிட்டேன். முதலாவதை நிறுத்துவதுதான் கடினமாக இருக்கிறது. காலையில் பிள்ளையைக் கண்டால் நேற்று விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன்: ஆடு குட்டி போட்டதா, தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா என்று. பிள்ளை தன் உடம்பைப் பற்றி ஏதாவது சொன்னால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், அன்றைக்கு வேறென்ன நடந்தது என்று கேட்கிறேன். அந்தப் பிள்ளையின் அம்மம்மா ஒரு நாள் பாடசாலைக்கு வந்தபோது, "நான் என்ன டீச்சர் செய்யிற, புள்ள இரவைக்குச் சோறு வேணாம் எண்டு கிடக்குது" என்றார். அவரிடம் உடற்பிம்பம் பற்றி விளக்கவில்லை. "பின்னேரத்தில தலை இழுத்து விடுவீங்களா அம்மா?" என்று கேட்டேன். கண் தெரியாததால் பிள்ளை தானே இழுத்துக்கொள்கிறாள் என்றார். "கண் தெரியாட்டிப் பரவாயில்ல, கைக்குத் தெரியும்தானே" என்றேன். அவர் சிரித்தார்.

மூன்றாம் தவணையில் "நானும் என் வீடும்" என்று வரையக் கொடுத்தேன். அவள் வாசற்படியில் தான் குந்தியிருப்பதாகவும், பின்னால் அம்மம்மா இருப்பதாகவும், முற்றத்தில் ஓர் ஆடு நிற்பதாகவும் வரைந்திருந்தாள். தாள் கிழியவில்லை. முழங்காலை மடித்துக் கைகளைக் கோர்த்துக்கொண்டு குந்தியிருக்கும் உருவத்தில் இடுப்பு தெரியாது. அது தேறிவிட்டதன் அடையாளமா, இடுப்பை வரையாமல் தப்பும் தந்திரமா என்று நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பட்டறைக்காரர்களின் நினைவு வந்தது. முழங்காலின் மடிப்பு நன்றாக வந்திருந்தது, அதற்குப் புள்ளி போட்டேன். ஆட்டுக்கு ஒரு கால் குறைவு என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.